தொழிலைத் தாளில் இறக்கிய கதை

மேசை விளக்கின் முறுக்கு வயர் ஹோல்டருக்குள் நுழையும் இடத்தில் எலெக்ட்ரீசியன்கள் ஒரு முடிச்சுப் போடுவது உண்டு. யாராவது வயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாலும், இழுவை உள்ளே இருக்கும் திருகு வரை போகாமல் முடிச்சோடு நின்றுவிடும். வயர் கழன்று பொறி பறக்காது. அமெரிக்காவில் இந்த முடிச்சுக்குத் தீக்காப்பீட்டுக்காரர்களின் பெயரையே வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டுத் தொழிற்சாலைகளின் ஃபோர்மேன்களுக்கு நடந்த பயிற்சி வகுப்புகளில் இந்த முடிச்சுதான் முதல் பாடம்.

வகுப்பில் பத்துப் பேர் இருப்பார்கள். நடத்துபவர் ஒருவரை முன்னால் கூப்பிட்டு, முடிச்சு போடும் விதத்தை வாயால் மட்டும் விவரிப்பார். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். வயரைக் கையில் கொடுத்ததும் விழிப்பார். அடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். எதிரே நிற்பவருக்கு இடம் வலமாகத் தெரியும். விரல் எதை மறைத்தது என்பதும் புரியாது. அப்போதும் வராது. அங்கே உட்கார்ந்திருந்த ஃபோர்மேன்களில் பெரும்பாலோர் தங்கள் ஆட்களுக்குத் தினமும் இந்த இரண்டு வழிகளில்தான் வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக, நடத்துபவர் கையில் ஒரு சின்னத் தாளை வைத்துக்கொண்டு, படிப்படியாகச் சொல்லிக்கொண்டே செய்து காட்டுவார். பிறகு கற்பவரைச் செய்யவைப்பார். செய்யும்போதே, ஏன் இப்படிச் செய்கிறேன் என்று அவர் வாயாலேயே சொல்லவும் வைப்பார். முடிச்சு விழுந்துவிடும்.

அந்தத் தாளில் இரண்டே பத்திகள். இடப்பக்கம் ஐந்து படிகள்: வயரைப் பிரித்து நேராக்கு, வலது வளையம் போடு, இடது வளையம் போடு, முனையை வளையத்துக்குள் நுழை, இழுத்து இறுக்கு. வலப்பக்கம், நம் பட்டறைகளில் சூட்சுமம் என்று சொல்வார்களே, அது. பிரிப்பது ஆறு அங்குலம். வலது வளையம் வயருக்கு முன்னால் வர வேண்டும், இடது வளையம் பின்னால். முனைகள் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். எந்தப் படிக்குச் சூட்சுமம் தேவையில்லையோ அங்கே எதுவும் எழுதக் கூடாது.

அரசாணைகளில் இன்று ‘திறன் அடிப்படையிலான தொழிற்கல்வி’ என்று எழுதப்படும் ஏற்பாட்டின் கரு இந்தத் தாளில் இருக்கிறது. ஒரு வேலையை அதைச் செய்கிறவரின் கையிலிருந்து பிரித்தெடுத்துப் படிகளாக்குவது. எது சரி என்பதை அளந்து பார்க்கும்படி எழுதுவது. கற்பவரால் அதைச் செய்ய முடிகிறதா என்று மட்டும் கேட்பது. எத்தனை மாதம் வகுப்பில் இருந்தார் என்பது கணக்கில் வராது. இந்த யோசனை தோன்றிய இடங்களைத் தேடிப்போனால், அநேகமாக எல்லா இடத்திலும் ஏதோ ஒரு தட்டுப்பாடு நிற்கிறது. தேர்ந்த கைகள் குறைவு, கற்க வந்த கூட்டம் அதிகம், அவகாசம் இல்லை. நிதானமாக இருந்த காலங்களில் இப்படிப்பட்ட தாளை யாரும் தேடவில்லை.

நிதானமான காலத்துக்கு உதாரணம் இங்கிலாந்தின் 1563ஆம் ஆண்டுச் சட்டம். கைத்தொழில் எதுவானாலும் ஏழு வருடம் ஓர் ஆசானிடம் பயின்றிருக்க வேண்டும் என்று அது விதித்தது. செருப்புத் தைப்பதற்கும் ஏழு, கடிகாரம் செய்வதற்கும் ஏழு. 1776இல் ஆடம் ஸ்மித் இதைக் கிண்டல் செய்யாத குறையாக விமர்சித்தார். கடிகாரத்தைக் கண்டுபிடித்தது பெரிய மூளைதான். ஆனால் அதற்கான கருவிகளையும் முறையையும் ஓர் இளைஞனுக்கு விளக்கச் சில வாரங்கள், ஏன் சில நாட்களே போதும் என்பது அவர் வாதம். ஸ்மித் கடிகாரம் செய்து பார்த்தவர் அல்ல. இருந்தாலும், கைப்பழக்கம் வர நீண்ட பயிற்சி வேண்டும் என்பதை அதே இடத்தில் ஒப்புக்கொள்ளும் நேர்மை அவருக்கு இருந்தது. ஆசானிடம் பயின்றே ஆக வேண்டும் என்ற அந்த விதிகள் 1814இல் நீக்கப்பட்டன. ஏழு வருடத்தில் எத்தனை நாள் தொழில் கற்றான், எத்தனை நாள் எடுபிடியாக இருந்தான் என்று கேட்க அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. நம் ஊர் மெக்கானிக் பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்த பையன் டீ வாங்கி வந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்தே தொழில் பிடித்த காலமும் அப்படித்தான்.

முதல் தீவிரமான மாற்றம் மாஸ்கோவில் நடந்தது. அங்கிருந்த பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளிக்கு, இன்றைய பௌமன் பல்கலைக்கழகத்துக்கு, 1860களின் இறுதியில் விக்டர் டெல்லா-வோஸ் இயக்குநர். பொறியியல் மாணவர்களுக்குப் பட்டறை வேலை கற்றுத்தர வேண்டும். மாணவர்கள் ஏராளம், ஆசான்கள் சிலர். விற்பனைக்குப் பொருள் செய்யும் பட்டறைக்குள் மாணவர்களை விட்டால் வேலையும் கெடும், கல்வியும் நடக்காது. டெல்லா-வோஸும் அவரோடு இருந்தவர்களும் கற்பிப்பதற்கென்றே தனிப் பட்டறைகளை ஒதுக்கினார்கள். கடைசல், தச்சு, பிட்டிங், கொல்லுலை என்று ஒவ்வொன்றையும் அதன் அடிப்படைச் செயல்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மாதிரித் துண்டு, அதற்கு ஓர் எண், அதற்கு ஒரு வரைபடம். எளியது முதலில், கடினமானது பின்னால். மாணவனுக்குத் தனி இடம், தனிக் கருவிகள். ஒரு துண்டு சரியாக வந்தால்தான் அடுத்த எண்ணுக்குப் போகலாம். இசையும் ஓவியமும் படிமுறையில் கற்பிக்கப்படும்போது அரம் பிடிப்பது மட்டும் ஏன் தற்செயலுக்கு விடப்பட வேண்டும் என்பது அவர் எழுப்பிய கேள்வி.

இந்த மாதிரித் துண்டுகள் 1873இல் வியன்னா கண்காட்சிக்கும் 1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்கும் போயின. பிலடெல்பியாவில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாக இருந்த இரும்புத் துண்டுகளைப் பார்த்த எம்.ஐ.டி. தலைவர் ஜான் ரங்கிள், ஊர் திரும்பிய கையோடு தன் நிறுவனத்திலும் அப்படிப் பட்டறைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தார். செயின்ட் லூயிஸில் கால்வின் வுட்வர்ட் 1880இல் இதே வழியில் ஒரு பள்ளியைத் திறந்தார். எதிர்ப்பும் இருந்தது. ஒன்றுக்கும் உதவாத மூலைப் பொருத்துகளையும் சதுரக் கட்டைகளையும் செய்துகொண்டே இருந்தால் பையனுக்கு வேலையில் மனம் ஒட்டுமா? சுவீடனில் ஓட்டோ சாலமன் நடத்திய ‘ஸ்லாய்ட்’ பயிற்சியில் முதல் நாளிலிருந்தே வீட்டுக்குப் பயன்படும் பொருளைத்தான் செய்வார்கள். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் முதல் மாதம் முழுக்க ஒரே இரும்புத் துண்டை ராவிக்கொண்டிருக்கும் பையனிடம் கேட்டால் அவன் சாலமன் கட்சி என்பான்.

மாஸ்கோவில் இன்னொரு விசித்திரமான அத்தியாயமும் உண்டு. புரட்சிக்குப் பின், 1920இல், அலெக்சேய் காஸ்தேவ் என்ற கவிஞர் மையத் தொழில் நிறுவனத்தைத் தொடங்கினார். கவிஞராவதற்கு முன் உலோகப் பட்டறைத் தொழிலாளி. கையிலும் சுத்தியலிலும் சின்ன விளக்குகளைக் கட்டி, உளி மேல் விழும் ஒரே ஓர் அடியின் பாதையைப் படமெடுத்து ஆராய்ந்தார். கிராமத்திலிருந்து வந்த விவசாயிகளைச் சில மாதங்களில் பிட்டர்களாக்க வேண்டிய அவசரம் அந்நாட்டுக்கு இருந்தது. ஸ்டாலின் காலத்துக் கைதுகளில் அவரும் சிக்கி, 1939இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அமெரிக்காவில் முதல் உலகப் போர் கப்பல் கட்டும் தளங்களை நெருக்கியது. மாசசூசெட்ஸில் தொழிற்கல்வியில் இருந்த சார்லஸ் ஆலனை அரசின் அவசரக் கப்பல் திட்டம் அழைத்துக்கொண்டது. ஆலன் செய்தது இரண்டு காரியங்கள். கப்பல் தளத்தில் தேர்ந்த தொழிலாளிகளையே எடுத்து, அவர்களுக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு நான்கு கட்டங்களை வகுத்தார்: கற்பவரைத் தயார்செய்தல், வேலையை முன்வைத்தல், செய்யவைத்தல், சோதித்தல். ஜெர்மன் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்காகச் சொன்ன படிகளை அவர் ரிவெட் அடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார். 1919இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். சமாதானம் வந்ததும் தொழிற்சாலைகள் அதை மறந்துவிட்டன.

மறுபடி நினைவுபடுத்தியது அடுத்த போர். 1940இல் அமெரிக்க ஆயுதசாலைகளுக்கும் கடற்படைத் தளங்களுக்கும் லென்ஸ் தேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டார்கள். அந்தத் தொழிலைக் கற்க ஐந்து வருடம் ஆகும் என்பது ஊரறிந்த கணக்கு. சானிங் டூலியும் வால்டர் டீட்ஸும் தலைமையேற்று அப்போதுதான் தொடங்கியிருந்த ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற தொழிலகப் பயிற்சித் திட்டத்தின் மேசைக்கு இந்தச் சிக்கல் வந்தது. ஆலனிடம் வேலை பார்த்திருந்த மைக் கேனை அழைத்தார்கள். கண்ணாடியைத் தேய்க்கும் இடத்துக்கே போய் உட்கார்ந்து பார்த்தபோது, லென்ஸ் தேய்ப்பவர் என்ற ஒரு பெயருக்குள் பல தனித்தனி வேலைகள் ஒளிந்திருப்பது தெரிந்தது. அவற்றில் பெரும்பகுதியை ஓரளவு பழகியவரே செய்யலாம். சிலவற்றுக்குத்தான் பழுத்த கை வேண்டும். வேலையைப் பங்கிட்டு, ஒவ்வொன்றின் சூட்சுமத்தையும் எழுதி வைத்ததும், ஐந்து வருடம் சில மாதங்களாகச் சுருங்கியது.

முடிச்சுப் போடும் வகுப்பு இந்த அனுபவத்தில் விளைந்தது. நாளுக்கு இரண்டு மணி நேரமாக மொத்தம் பத்து மணி நேரம். வகுப்பு முடித்தவருக்குச் சட்டைப் பைக்குள் அடங்கும் அட்டை ஒன்று கிடைக்கும்: ஒரு பக்கம் கற்பிக்க ஆயத்தமாவது எப்படி, மறுபக்கம் கற்பிப்பது எப்படி. கற்பவருக்கு வரவில்லை என்றால் கற்பித்தவர்தான் கற்பிக்கவில்லை என்ற கருத்தும் அதில் அச்சாகியிருந்தது. பள்ளிக்கூடங்கள் இன்றுவரை முழுதாக ஏற்காத வரி இது. 1945இல் திட்டம் மூடப்பட்டபோது இதன் பல்வேறு வகுப்புகளில் சான்று பெற்றவர்கள் ஏறத்தாழ 17.5 லட்சம் பேர். பங்கேற்ற ஆலைகள் 16,500க்கும் மேல்.

போர் முடிந்ததும் அமெரிக்க ஆலைகள் மீண்டும் பழையபடி ஆகிவிட்டன. அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டது தோற்ற நாடான ஜப்பான். 1951இல் டொயோட்டா இதைத் தன் ஆலையில் எடுத்துக்கொண்டது. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற தரப்படுத்தப்பட்ட வேலைமுறைக்குள் அந்த இரண்டு பத்தித் தாள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அடுத்த கட்டம், பயிற்சிப் புத்தகம் எழுதுபவர்களின் கையில். 1962இல் ராபர்ட் மேகர் பாட நோக்கங்களை எழுதுவது பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘புரிந்துகொள்வார்’, ‘அறிந்துகொள்வார்’ என்றெல்லாம் எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று யாராலும் பார்க்க முடியாது. என்ன செய்வார், எந்த நிலைமையில், எவ்வளவு துல்லியமாக என்று மூன்றையும் சொல் என்றார். 1960களின் இறுதியில் கனடாவில் ‘டாகும்’ என்ற முறை உருவானது. புத்தகம் எழுதுபவர் தானே வேலையைப் பிரிக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிநாதம். அந்தத் தொழிலில் உழைத்துக்கொண்டிருக்கும் எட்டு, பத்துப் பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று இரண்டு மூன்று நாள் கேட்பார்கள். ஒவ்வொரு பணியும் ஓர் அட்டையில், அட்டைகள் சுவரில். ‘பிரேக் லைனிங் மாற்று’, ‘பில் போடு’ என்று செய்யச் சொல்லும் வடிவில் மட்டுமே எழுத வேண்டும். சண்டைகள் நடக்கும். பக்கத்து ஆலைக்காரர் இதை நாங்கள் செய்வதே இல்லை என்பார். சுவரில் நிற்பது எல்லோரும் ஒப்புக்கொண்டவை மட்டும்.

பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1969இல் தொடங்கிய ஹாலந்து கல்லூரி இந்த அட்டைச் சுவரையே பாடத்திட்டமாக வைத்துக்கொண்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மாணவர் தனக்குத் தானே மதிப்பெண் இட்டுக்கொள்வார். பிறகு ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவார். அளவுகோலும் வித்தியாசமானது. உதவியோடு ஓரளவு செய்வார், உதவியின்றிச் செய்வார், வேகமாகவும் தரமாகவும் செய்வார், எதிர்பாராத சிக்கலையும் சமாளிப்பார், பிறரை வழிநடத்துவார் என்று அது ஏறும். நூற்றுக்கு எத்தனை என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இந்தியாவின் கதை சென்னையில் உள்ள கிண்டிக்கு வந்து சேர்கிறது. பிரிவினையில் வந்த அகதிகளுக்கும் வேலையில்லாத இளைஞர்களுக்கும் தொழில் கொடுக்கும் அவசரத்தில் 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது, நாடெங்கும் ஐ.டி.ஐ.கள் எழுந்தன. பாடத்திட்டம் டெல்லியிலிருந்து வரும். ‘அரம் பயிற்சி’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எந்த அளவுத் துண்டில், எந்த வரிசையில், எப்படிப் பயிற்சியாக மாற்றுவது என்பது அந்தந்த இன்ஸ்ட்ரக்டரின் பாடு. நல்லவர் கிடைத்தால் பையன்களுக்கு யோகம். ஆயிரக்கணக்கான நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கான நல்லவர்களுக்கு எங்கே போவது? ஜெர்மனியின் உதவியோடு 1986 டிசம்பரில் சென்னையில் மையப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் அமைக்கப்பட்டது. 1999இல் தன்னாட்சி பெற்று, பெயரில் ‘மைய’ போய் ‘தேசிய’ வந்தது. ‘நிமி’ என்றால் ஐ.டி.ஐ. படித்தவர்களுக்குத் தெரியும். கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் இந்த அலுவலகத்திலிருந்துதான் நாடு முழுவதற்குமான தொழிற்பயிற்சிப் புத்தகங்கள் போகின்றன, தமிழிலும் வருகின்றன.

ஒரு தொழிலுக்கு ஒரு புத்தகம் போதாது. பாடத்துக்கு ஒன்று, செய்முறைக்கு ஒன்று, கேள்விகளுக்கு ஒன்று, இன்ஸ்ட்ரக்டருக்குத் தனியாக வழிகாட்டி ஒன்று. இவற்றை உருவாக்க ஐ.டி.ஐ. இன்ஸ்ட்ரக்டர்களையே குழுவாகக் கூட்டினார்கள். பிட்டர் செய்முறைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலே வரைபடம், அளவுகள், எவ்வளவு வித்தியாசம் அனுமதிக்கப்படும் என்ற வரம்பு. கீழே வேலை வரிசை. அதற்கடுத்து ‘திறன் வரிசை’ என்ற தனிப் பகுதி; முடிச்சுத் தாளின் வலப்பக்கப் பத்தி இங்கே படங்களோடு விரிந்திருக்கிறது. அரம் தள்ளும்போது தொடக்கத்தில் அரத்தின் நுனியைப் பிடித்த கையில் அழுத்தம் அதிகம், முடிவில் கைப்பிடியைப் பிடித்த கையில் அதிகம். இந்த மாற்றம் கைக்கு வராதவனுக்கு அரம் ஆடும். துண்டின் நடு மேடாகி ஓரங்கள் சரிந்துவிடும். டிரை ஸ்கொயரின் அலகை மேலே வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அரத்தின் பல்லில் இரும்புத் துகள் சிக்கிக் கீறல் விழாமலிருக்கச் சாக்பீஸ் தேய்க்க வேண்டும். மேஸ்திரி எப்போதாவது போகிறபோக்கில் சொன்னவை எல்லாம் இப்போது அச்சில்.

இந்த வகைப் புத்தகத்துக்கு ஆயுள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். 2013இல் ஐ.டி.ஐ.கள் செமஸ்டருக்கு மாறின, புத்தகம் மாறியது. அந்த டிசம்பரிலேயே தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. விளைவுகளை எழுதும் விதம் மாறியது. 2018இல் மறுபடி ஆண்டு முறை. அரம் மட்டும் அப்படியேதான் இருந்தது.

தாளின் மீது நம்பிக்கை அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. அங்கே 1986இல் தேசியத் தொழில் தகுதிகளுக்கான குழு அமைந்தது. எங்கே படித்தாய், எத்தனை நாள் படித்தாய் என்று கேட்கப்போவதில்லை; செய்ய முடிகிறது என்பதற்கு ஆதாரம் காட்டு, போதும் என்றார்கள். ஆனால் இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகப் படித்தார்கள். தெளிவுபடுத்த ஒரு துணை வாக்கியம் சேர்த்தார்கள். அதற்கு ஒரு வரையறை. வரையறைக்கு ஓர் உதாரணம். எவ்வளவு எழுதினாலும் முடியாத இந்தச் சுழலை 1990களில் கல்வி ஆய்வாளர் அலிசன் வுல்ஃப் விரிவாக எடுத்துக்காட்டினார். பயிற்சி பெறுபவர்கள் வேலையைக் கற்பதைவிட ஆதாரக் கோப்பை நிரப்புவதில் நேரம் செலவிட்டார்கள் என்ற புகாரும் வந்தது. டி.டபிள்யூ.ஐ. தாளில் சூட்சுமம் இல்லாத படிக்கு இடத்தைக் காலியாக விட்டதன் அருமை இங்கேதான் புரிகிறது. எழுதத் தெரிந்தவர்கள் பலர். எங்கே நிறுத்த வேண்டும் என்பது அந்த வேலையைச் செய்தவருக்குத்தான் தெரியும்.

இலங்கையில் இதன் இன்னொரு முனை. ஏழு நிலைகள் கொண்ட தேசியத் தொழில் தகைமை முறையில், ஒவ்வொரு தொழிலுக்கும் தேர்ச்சி நியமம் எழுதப்பட்டிருக்கிறது. பயிற்சி நிலையத்துக்குப் போகாமலே, பல வருடம் கட்டுமானத்தில் உழைத்த ஒரு மேசன், தான் ஏற்கெனவே கற்றதை நிரூபித்துச் சான்றிதழ் வாங்கலாம். முன்கற்றலை அங்கீகரிப்பது என்று இதற்குப் பெயர். 2015 முதல் இந்தியாவின் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் இது இடம்பெற்றது. பாடப் புத்தகமோ பயிற்சிக் கட்டையோ இங்கே தேவையே இல்லை. மிஞ்சுவது மதிப்பீட்டாளரின் கையிலிருக்கும் சரிபார்ப்புப் பட்டியல் மட்டும்: கலவை விகிதம் சரியா, தூக்குக்குண்டு பிடித்தாரா, மூலை மட்டம் பார்த்தாரா. பட்டியலைச் சரியாகப் படிக்க மதிப்பீட்டாளருக்குக் கட்டட வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதால், இரண்டு நாடுகளிலும் இப்போது மதிப்பீட்டாளர்களுக்கென்றே தனிப் பயிற்சி நடக்கிறது. அந்தப் பயிற்சிக்கும் படிப்படியாக எழுதப்பட்ட கையேடு உண்டு.